லாஸ் வேகஸில் ஐந்து நாள் வேலை: ஊர் பார்க்கும் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேட்டவர் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறவர். கேள்வியின் சுருக்கம் இது: "டிசம்பர் முதல் வாரம் லாஸ் வேகஸில் நடக்கும் கிளவுட் மாநாட்டுக்குக் கம்பெனி என்னை அனுப்புகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை செஷன்கள். அது போதாதென்று பெங்களூர் டீமின் காலைச் சிறு மீட்டிங்கான ஸ்டாண்ட்-அப்பிலும் தினமும் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் சைவம், சூதாடும் பழக்கமும் இல்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு ஊரைப் பார்க்காமல் திரும்புவதா? நேரம் கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் தேடினால் கிடைக்காது. வேகஸ் என்றதும் ராத்திரி விளக்குகள்தான் கண்ணில் நிற்கும். உங்கள் கணக்கில் அந்த ராத்திரிகள் பெங்களூருக்குச் சொந்தம். உங்களுக்கு மிஞ்சுவது விடியற்காலையும், மாநாட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் வார இறுதிகளும். அவற்றை ஒழுங்காகப் பிடித்துவிட்டால், நடுவில் இருக்கும் ஐந்து நாளுக்குள் எதையும் அடித்துத் திணிக்க வேண்டியதில்லை.

முதலில் கடிகாரம். டிசம்பரில் வேகஸ் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். பெங்களூரில் செவ்வாய் காலை 10.30 ஸ்டாண்ட்-அப் என்றால் அங்கே திங்கள் இரவு 9 மணி. ஊர் சூடு பிடிக்கிற நேரத்தில் நீங்கள் ஹோட்டல் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒப்பித்துக்கொண்டிருப்பீர்கள். நம் திங்கள் காலை அங்கே ஞாயிறு இரவிலேயே வந்துவிடுவதால் ஞாயிறு ராத்திரியும் போச்சு. அதற்குப் பதிலாக வெள்ளி ராத்திரி முழுக்க உங்களுடையது. பெங்களூரில் அப்போது சனிக்கிழமை காலை, புரொடக்ஷனில் எதுவும் விழாத வரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் மேனேஜரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் ஸ்டாண்ட்-அப்பை மாலை 6 மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா? பெங்களூரில் மாலை 6 என்றால் வேகஸில் அதே நாள் விடியற்காலை 4.30. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் நம் பக்கத்திலிருந்து அமெரிக்க மேற்குக்குப் போகிறவர்களில் பலருக்கு முதல் சில நாள் 3, 4 மணிக்கெல்லாம் தானாகவே விழிப்பு வந்துவிடும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற அந்த நேரத்தை மீட்டிங் தின்றுவிட்டுப் போகட்டும். 5 மணிக்கு முடிந்தால் காலையும் உங்களுடையது, மாலையும் உங்களுடையது. டீமில் பாதிப் பேர் அந்நேரம் மாரத்தஹள்ளி நெரிசலில் கேப்பில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் பொழுது போகும். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் பரவாயில்லை, கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்போதும் நடக்கும்.

அடுத்தது டிக்கெட். டிராவல் டெஸ்க்கிடம் விட்டால் ஞாயிறு போய்ச் சேர்ந்து வெள்ளி இரவு கிளம்புகிற மாதிரிதான் போடுவார்கள். இரண்டு முனையையும் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் போகிற மாநாடு வழக்கமாக அமெரிக்கர்களின் நன்றி நவிலல் விடுமுறைக்கு அடுத்த வாரம் வருவது. விடுமுறை நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை. சொந்த ஊருக்குப் போன ஜனம் மொத்தமும் ஞாயிறன்று திரும்பும். தீபாவளி முடிந்த ஞாயிறு ராத்திரி ஓசூர் தாண்டி அத்திபெலே டோல்கேட் எப்படி இருக்குமோ, அன்றைக்கு அமெரிக்க விமான நிலையங்கள் அப்படி இருக்கும். பெங்களூரிலிருந்து வேகஸுக்கு நேரடி விமானம் கிடையாது. பொதுவாக அமெரிக்காவில் இறங்கும் முதல் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்தில் போட வேண்டும். அந்த வரிசையில் மாட்டி அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் ஞாயிறன்று வேறு ஒன்றில் இடம் பிடிப்பது பெரும்பாடு. சனிக்கிழமை விடியற்காலை தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஏறினால், நேர வித்தியாசத்தின் புண்ணியத்தில் சனிக்கிழமை மாலையோ இரவோ வேகஸில் இறங்கிவிடலாம். ஞாயிறு முழு நாள் கையில் இருக்கும்.

இதை எச்.ஆரிடம் பயந்து பயந்து கேட்க வேண்டியதில்லை. மாநாட்டுத் தேதிகளுக்கு டிக்கெட் விலை எவ்வளவு, நீங்கள் கேட்கும் தேதிகளுக்கு எவ்வளவு என்று ஒரே நாளில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் வையுங்கள். கூடினால் வித்தியாசத்தை நானே தருகிறேன் என்று எழுதிவிடுங்கள். கூடுதல் இரவுகளின் ஹோட்டலும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: கம்பெனியின் பயண இன்ஷூரன்ஸ் சொந்த நாட்களுக்கும் செல்லுமா? செல்லாது என்றால் அந்த நாட்களுக்குத் தனியாக ஒன்று எடுங்கள். அங்கே எமர்ஜென்சியில் கால் வைத்துவிட்டு வந்தாலே பில் நம் பணத்தில் லட்சத்தைத் தொடும். விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்மவர்களிடம் பெரும்பாலும் இருப்பது பி1/பி2 சேர்ந்த விசா, அதில் மாநாடும் அடங்கும், ஊர் சுற்றுவதும் அடங்கும். இமிக்ரேஷனில் கேட்டால் மாநாட்டுக்கு வந்தேன், முன்னும் பின்னும் ஊர் பார்க்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஹோட்டல் விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. அறை வாடகையோடு ரிசார்ட் கட்டணம் என்று ஒரு நாளைக்கு 40, 50 டாலர் சேரும், அதற்கு மேல் வரி. கம்பெனி போடுகிற இரவுகளுக்கு அது அவர்கள் தலைவலி, நீங்கள் போடுகிற இரவுகளுக்கு உங்கள் தலைவலி. மாநாடு முடியும் வார இறுதியில் அறை விலை இறங்கும் என்று எண்ண வேண்டாம். 1985 முதல், மாடு குதிரை அடக்கும் தேசிய ரோடியோ இறுதிப் போட்டி டிசம்பர் தொடக்கத்தில் வேகஸில்தான் நடக்கிறது (2020 மட்டும் விதிவிலக்கு). மாநாட்டுக் கூட்டம் கிளம்பும்போது கௌபாய் தொப்பிக் கூட்டம் வந்து இறங்கும். மடிக்கணினிப் பையும் மாட்டுக்காரத் தொப்பியும் ஒரே லிஃப்டில் நிற்பதைப் பார்ப்பதே தனி வேடிக்கை. வெள்ளி, சனி இரவுகளுக்கு இப்போதே அறை போட்டுவிடுங்கள். அறையின் குட்டி ஃபிரிட்ஜில் இருக்கும் பொருளைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். பல ஹோட்டல்களில் அடியில் சென்சார் உண்டு, தூக்கினாலே பில்லில் ஏறிவிடும்.

சரி, இனி காலைகளுக்கு வருவோம். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே சூரியன் உதிப்பது காலை 6.35 வாக்கில், மறைவது மாலை நாலரைக்குள். செஷன் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது இருட்டிவிட்டிருக்கும். ஆகவே வெளிச்சம் வேண்டிய எதையும் மாலைக்கு வைக்காதீர்கள்.

வேலை நாளில் காலை ஒன்றரை மணி நேரம் போதும். ஸ்ட்ரிப் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய சாலை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளம். ராத்திரியில் இடித்துக்கொண்டு நகர வேண்டிய நடைபாதையில் காலை 5.30க்கு ஆள் இருக்காது. தெரு கழுவுகிறவர்கள், ஓடப் பழகுகிறவர்கள், விடிய விடிய ஆடிவிட்டு வெளியே வந்து நிற்கும் நாலு பேர், அவ்வளவுதான். பெல்லாஜியோ ஹோட்டலுக்குள் இருக்கும் கண்ணாடிக் கூரைத் தோட்டம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு ஐந்து முறை பூக்களையும் பொம்மைகளையும் மொத்தமாக மாற்றுவார்கள். லால்பாக் மலர்க் காட்சியை நெரிசலில் எட்டிப் பார்த்தே பழகிய நமக்கு, ஒரு பூத்தோட்டம் நமக்காக மட்டும் விரிந்து கிடப்பது புது அனுபவம். இன்னொரு காலை தென் கோடியில் இருக்கும் 'வெல்கம் டு ஃபேபுலஸ் லாஸ் வேகஸ்' பலகைக்குப் போங்கள். 1959இல் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி வடிவமைத்தது. பகலில் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும், விடியும் முன் போனால் பலகையும் நீங்களும்தான்.

தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். எதிரே தெரிகிற ஹோட்டல் அரை மணி நேர நடையாக முடியும். சாலையைக் கடக்க நடைமேம்பாலம் ஏற வேண்டும், அது கொண்டுபோய் ஒரு காசினோவுக்குள் விடும், அங்கிருந்து வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் மாநாடே பல ஹோட்டல்களில் பரவி நடப்பது. வெனிஷியனிலிருந்து மாண்டலே பேவுக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல். செஷன்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நாளைக்கு ஒரே ஹோட்டலில் இருக்கிற மாதிரி போட்டால், மாநாட்டுப் பேருந்தில் வீணாகும் மணிகள் அப்படியே உங்கள் கணக்கில் சேரும். ஊர் பார்க்க நேரம் இல்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நேரம் போவது அந்தப் பேருந்துகளில்தான்.

முதல் செஷன் 10 மணிக்கு மேல் இருக்கும் ஒரு நாளை ரெட் ராக் கேன்யனுக்கு ஒதுக்குங்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே சுமார் 27 கிலோமீட்டர், அரை மணிப் பயணம். உள்ளே 13 மைல் நீளத்துக்கு ஒருவழிச் சாலை. காலை 6 மணிக்குத் திறக்கும். அக்டோபர் முதல் மே வரை 8 மணிக்கு மேல் நுழைய முன்பதிவு வேண்டும், அதற்கு முன் நுழைகிறவர்களுக்கு வேண்டாம். இங்கேயும் சீக்கிரம் விழித்தவனுக்குத்தான் லாபம். கிழக்கிலிருந்து முதல் வெயில் விழும்போது காலிகோ குன்றுகள் செங்கல் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். கர்நாடகத்துப் பாதாமியின் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு நிறம் புதிதல்ல, அளவுதான் புதிது. அந்தச் சிவப்புப் பாறை ஜுராசிக் காலத்து மணல் மேடுகள் இறுகியது. அதன் தலையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை உட்கார்ந்திருக்கும். வயதில் மூத்தது அதுதான், ஆனால் நில அடுக்குகள் நெருக்குண்டு பழையது புதியதன் மேல் ஏறிவிட்டது. போவதற்கு வாடகைக் கார் நல்லது. ஊபரில் போய்விடலாம், திரும்பத்தான் வண்டி கிடைக்காது, போன் சிக்னலும் அங்கே சரியாக இருக்காது. கார் எடுக்க ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் லைசென்ஸ் பெரும்பாலும் செல்லும் என்றாலும், ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு போங்கள். வலது பக்கம் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் கூடப் பழகியவர் யாராவது இருக்கும் நாளில் போங்கள். தூக்கக் கலக்கத்தில் அதை முதன்முதலாகப் பழக வேண்டாம்.

முதல் ஞாயிறு என்ன செய்வது? என்னைக் கேட்டால் யோசிக்காமல் ஹூவர் அணை என்பேன். பெங்களூரில் இருக்கும் தமிழனுக்கு அமெரிக்காவில் இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

வேகஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தையும் பக்கத்து அரிசோனாவையும் பிரிக்கும் கொலராடோ ஆற்றின் மேல் நிற்கிறது. வேலை தொடங்கியது 1931இல். நெவாடாவில் சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அணை 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது, நம் மேட்டூர் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு. மேட்டூர் நீளத்தில் அகலக் கால் விரித்து நிற்கும். இது இரண்டு மலைச் சுவர்களுக்கு நடுவே செருகின ஆப்பு மாதிரி, உயரம் 221 மீட்டர். பின்னால் இருக்கும் மீட் ஏரி நிரம்பினால் பத்து மேட்டூருக்கு மேல் கொள்ளும். ஆனால் நிரம்பிப் பல காலம் ஆயிற்று. பாறைச் சுவரில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகக் காய்ந்து நிற்கும். 2022 கோடையில் நீர்மட்டம், ஏரி முதன்முதலில் நிரம்பத் தொடங்கிய 1930களுக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது.

அந்தப் பட்டையைப் பார்த்ததும் உங்களுக்குக் காவிரி ஞாபகம் வராமல் இருக்காது. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்ட ஒப்பந்தம் 1922இல் கையெழுத்தானது. சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1924இல். இரண்டு ஊரிலும் சண்டை இன்னும் ஓயவில்லை. கீழ்ப்பகுதி மாநிலங்களின் பங்கில் நெவாடாவுக்கு விழுந்தது ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர்-அடி, கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம். நம் கணக்குக்கு மாற்றினால் நெவாடாவுக்கு 13 டி.எம்.சி., கலிஃபோர்னியாவுக்கு 190 டி.எம்.சி.க்கு மேல். காவிரி வழக்கின் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று சொன்னது 177.25 டி.எம்.சி. என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு புரியும். பங்கு போட்ட காலத்தில் வேகஸ் ஒரு ரயில் நிலையச் சிற்றூர். இவ்வளவு பெரிதாகும் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் இன்று அந்த நகரம் வீடுகளுக்குள் புழங்கிச் சாக்கடையில் போகிற தண்ணீரில் கிட்டத்தட்ட முழுவதையும் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது, புல்தரைகளைப் பிடுங்கக் காசு கொடுக்கிறது. ராத்திரியில் ஆடும் பெல்லாஜியோ நீரூற்றைப் பார்த்து 'பாலைவனத்தில் இவ்வளவு திமிரா' என்று தோன்றும். அந்தத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் இல்லை, முன்பு அங்கிருந்த கோல்ஃப் மைதானத்துக்காகப் போட்ட கிணற்றுத் தண்ணீர். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து காவிரியை மேலே ஏற்றிக் குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு, கோடையில் டேங்கருக்குக் காத்திருந்தவர்களுக்கு, இதெல்லாம் சுற்றுலாத் தகவலாக மட்டும் தெரியாது.

அணையில் நடைமுறைக் குறிப்பு ஒன்று. அரிசோனா, குளிர்காலத்தில் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். அணையின் கோபுரங்களில் இரண்டு மாநில நேரமும் தனித்தனிக் கடிகாரத்தில் காட்டும். நடந்து அந்தப் பக்கம் போனால் போன் நேரம் தாவிவிடும். மாலையில் மீட்டிங் இருந்தால் அலாரத்தை நம்ப வேண்டாம். மேலே 2010இல் திறந்த பாலத்தில் நடைபாதை உண்டு, இலவசம். அணையின் முழு முகம் தெரிவது அங்கிருந்துதான்.

கடைசி சனிக்கிழமைக்கு எல்லோரும் கிராண்ட் கேன்யன் என்பார்கள். தெற்கு விளிம்புக்கு ஒரு பக்கமே நாலரை மணி நேரக் கார்ப் பயணம். டிசம்பரில் பொழுது சாய்வதும் சீக்கிரம், உயரம் 2,100 மீட்டர் என்பதால் பனியும் இருக்கலாம். விடியுமுன் பேருந்தில் ஏறி இரவு திரும்புகிற ஒருநாள் சுற்றுலா இருக்கிறது. பள்ளத்தாக்கைவிடப் பேருந்து ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மேற்கு விளிம்பு இரண்டு, இரண்டரை மணி நேரம். அது தேசியப் பூங்காவுக்கு வெளியே, ஹுவாலபை பழங்குடியினரின் நிலம். 2007இல் திறந்த கண்ணாடி நடைமேடை அங்கேதான். என் ஓட்டு ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய வேலி ஆஃப் ஃபயருக்கு. நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, தீப்பிடித்த மாதிரி பாறைகள், அவற்றில் பழங்குடிகள் கீறிய உருவங்கள். மாலை வந்து தூங்கவும் நேரம் இருக்கும். கிராண்ட் கேன்யன் பார்க்கவில்லையா என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

மாலைகளில் உடம்பில் தெம்பு இருந்தால் ஒன்றே ஒன்று. பெல்லாஜியோ நீரூற்று மாலையில் கால் மணிக்கு ஒருமுறை நள்ளிரவு வரை ஆடும், பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். 2023இல் திறந்த ஸ்பியர் என்ற உருண்டை அரங்கம் வெனிஷியனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிப்புற விளக்குக் காட்சியைச் சும்மாவே பார்க்கலாம், உள்ளே போகத்தான் பணம். வெள்ளி இரவை முழுதாக டவுன்டவுனுக்குக் கொடுங்கள். ஸ்ட்ரிப்பில் 24 மணி நேரமும் ஓடும் டியூஸ் பேருந்து கொண்டுபோய் விடும். ஃப்ரீமாண்ட் தெருவுக்கு மேலே கூரை முழுக்க ஒளித்திரை. பக்கத்திலேயே மாஃபியா வரலாற்றைச் சொல்லும் மாப் மியூசியம். சூதாட்டத்துக்குப் பின்னால் இருந்த குற்றக் கும்பல்களை விசாரித்த செனட் குழு, 1950இல் அந்தக் கட்டடத்து நீதிமன்ற அறையில்தான் உட்கார்ந்தது. பழைய ஹோட்டல்களின் விளக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் மியூசியத்துக்கு இருட்டிய பிறகு போக வேண்டும், டிக்கெட் முன்கூட்டியே வாங்க வேண்டும். வேகஸில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், ஊர் தன்னைத்தானே கழற்றி வைத்திருக்கும் கொல்லைப்புறம்.

சூதாட்டம்: ஆடாமல் இருப்பதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத் தோன்றினால் கணக்கு தெரிந்து உட்காருங்கள். அமெரிக்க ரூலெட்டில் 38 கட்டம், ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் தருவது 35 மடங்கு. கடைக்காரர் பங்கு 5.26 சதவீதம். இப்போது ஸ்ட்ரிப்பில் பல மேசைகளில் மூன்று பூஜ்யம் வைத்து அதை 7.69 ஆக்கிவிட்டார்கள். பிளாக்ஜாக் மேசையில் 3க்கு 2 என்று எழுதியிருக்கிறதா, 6க்கு 5 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் பிளாக்ஜாக் விழுந்தாலும் கையில் வருவது குறைவு, நகர்ந்துவிடுங்கள். ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய தொகை விழுந்தால் வெளிநாட்டவர் என்பதால் 30 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் கையில் தருவார்கள். அதிலிருந்து விலக்கு தரும் வரி ஒப்பந்தம் உள்ள நாடுகளில் இந்தியா இல்லை. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள், 21 வயது ஆகியிருக்க வேண்டும். கம்பெனி தந்த ஃபாரெக்ஸ் கார்டை காசினோ ஏ.டி.எம்.மில் செருகவே செருகாதீர்கள், இடத்தின் பெயரோடு ஸ்டேட்மென்டில் வரும். மாநாட்டு பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உள்ளே நடங்கள். கிளையன்ட் எந்த மேசையில் இருப்பார் என்று சொல்ல முடியாது, அவரும் உங்களைப் பார்க்க விரும்ப மாட்டார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெவாடாவில் 2017 முதல் கஞ்சா சட்டப்படி விற்கிறது, கடை நகைக்கடை மாதிரி பளபளக்கும். ஆனால் அமெரிக்க மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம், விசா கொடுப்பது மத்திய அரசு. மிட்டாய் வடிவில் இருந்தாலும் தொட வேண்டாம். தெருவில் இறகு வைத்த உடையோடு நிற்பவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தால் அது இலவசம் இல்லை, இருபது டாலர் கேட்பார்கள். கையில் வளையம் மாட்டிவிடும் 'சாமியார்'களும் அப்படியே.

சாப்பாடு. மாநாட்டில் சைவப் பெட்டி கிடைக்கும், பெரும்பாலும் புல்லும் கடலையும். சூப்பில் கோழிச் சாறு, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஸ்ட்ரிப்பிலேயே மருந்துக் கடை மாதிரி இருக்கும் பெரிய கடைகளில் சர்க்கரை இல்லாத தயிர் கிடைக்கும். நுண்ணலை அடுப்பில் வைக்கும் சாதமும் கிடைக்கும், ஆனால் பல ஹோட்டல் அறைகளில் அடுப்பும் கெட்டிலும் இருக்காது. நம் ஊர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் கெட்டில் அதில் கால் பங்கு சூடுதான் தரும், உப்புமா கப்பில் ஊற்றுவதற்குள் செஷன் முடிந்துவிடும். காபிக் கடையில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம், சுங்கத்தில் சாப்பாடு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் கூடாது, பிடுங்கிவிடுவார்கள். தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் வையுங்கள். அந்த வறண்ட காற்றில் இரண்டாம் நாளே உதடு வெடிக்கும்.

ஞாயிறு காலை கிளம்பினால் பெங்களூர் வந்து சேர்வது திங்கள் நள்ளிரவு தாண்டி, அதாவது செவ்வாய் விடியற்காலை. திங்கள் ஒரு நாள் லீவும், செவ்வாய் வீட்டிலிருந்து வேலையும் என்று இப்போதே அந்த மெயிலிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால், வேகஸில் ஒரு வாரம் ஜாலியாக இருந்துவிட்டு வந்தவருக்கு இன்னும் லீவா என்பார்கள்.